ரொட்டி பாயின் பாட்டு

சைக்கிளில் மணி இருக்கிறது, அடிக்கத்தான் மாட்டார். பீடோங்கிலிருந்து சிடாம் கிரி ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயங்கள் வரை, பின்னால் ரொட்டிப் பெட்டி கடகடக்க, யஹ்யா பாடிக்கொண்டேதான் வருவார். அதுவும் ஒரே பாட்டு: "முள்ளுவேலி தாண்டி வா காத்தே..."

"மணி அடிச்சா ஐஸ்காரன்னு நெனச்சுப் பிள்ளைங்க ஓடி வந்து ஏமாந்து போகுதுங்க லா" என்பார். லயத்தில் தினம் அவரிடம் ரொட்டி வாங்கும் நான் நம்பவில்லை. பாட வேண்டும், அவ்வளவுதான். குரல் சுமார். சரணத்தில் உச்சிக்குப் போகும்போதெல்லாம் தவறாமல் ஒரு இருமல் வரும். வெட்கம் மட்டும் வராது.

மலாயாவில் வெள்ளைக்காரனின் அவசரகாலம் வந்ததிலிருந்து லயங்களைச் சுற்றி முள்வேலி. காட்டுக்காரர்களுக்கு, அதாவது காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு, ஏதாவது ஒளித்துக் கொண்டுபோகிறாரோ என்று வாசலில் காவலர்கள் ரொட்டியைப் பிய்த்துப் பார்ப்பார்கள். அப்போதும் பாட்டு நிற்காது. பிய்த்த ரொட்டி விலைபோகாது. மத்தியானம் அதைத்தான் தின்பார்.

பாட்டு பரஞ்சோதி குழுவினுடையது. இன்று கெடா மாநிலம் முழுக்க அவர்களுக்குப் பெயர். அக்கார்டியன், டிரம்ஸ், இரண்டு மைக். ஆறு வருஷத்துக்கு முன் மெர்போக் கல்யாணம் ஒன்றில், ஒற்றைக் கித்தாரோடு அவர்கள் பாடிய முதல் பாட்டு இது. ஜனம் பந்திக்கு ஓடிவிட்டது. ரொட்டி இறக்க வந்த யஹ்யா மட்டும் நின்று கேட்டு, பரஞ்சோதியைப் பிடித்து வரிகளை ரொட்டி சுற்றும் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்.

அன்று முதல் அவர்கள் கச்சேரி எங்கே நடந்தாலும் அந்தப் பாட்டைக் கேட்டு யஹ்யாவின் துண்டுச்சீட்டு ஒன்று மேடைக்குப் போகும். பரஞ்சோதி சிரிப்பார்: "அது செத்த பாட்டு, பாய்."

"நான் உசுரோட வச்சிருக்கேன் தம்பி. ஒரே ஒரு தடவ மேடையில பாடுங்க, போதும்லா."

இந்தப் பொங்கலுக்குப் பீடோங் திடலில் பிற்பகல் கச்சேரி. ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி கிடைக்கவில்லை. மைக் இல்லாத பரஞ்சோதியின் குரலை அவருடைய டிரம்ஸே விழுங்கிவிட்டது. பின்வரிசை ஊளையிட்டது. மனுஷன் வேர்த்து விறுவிறுத்து, எல்லா வாத்தியத்தையும் நிறுத்தச் சொல்லிக் கித்தாரை எடுத்தார். கித்தாரோடு மட்டும் பாட அவரிடம் இருந்தது அந்த ஒரு பாட்டுதான்.

இரண்டாம் சரணத்தில் வரி மறந்துபோய் நின்றார். போச்சு, மானம் கப்பலேறியது என்று நினைத்தேன்.

முன்வரிசையில் இருந்த, ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டும் அம்மாசி சட்டென்று அடுத்த வரியை எடுத்தாள். அவள் பின்னால் சிடாம் கிரி ஜனம் அத்தனையும் பாடியது. தினம் தினம் காதில் விழுந்த பாட்டாயிற்றே! அடடா, கொஞ்ச நேரத்தில் திடலே பாடியது. சரணம் உச்சிக்குப் போனதும், இருமல் வரும் இடத்தில், அத்தனை பேரும் ஒன்றாக இருமினார்கள்!

பரஞ்சோதி திகைத்துப்போய், "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"நல்லா கேட்டீங்கண்ணே! இது எங்க ரொட்டி பாய் பாட்டுல்ல!" என்றாள் அம்மாசி.

கைதட்டலில் திடல் அதிர்ந்தது. யஹ்யா ஓரமாக நின்றிருந்தார், கன்னமெல்லாம் ஈரம். அவர் கைதட்டவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, அந்தத் துருப்பிடித்த மணியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.