மாலை ஐந்தரை மணி உண்மை

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு நாற்பது. அம்பத்தூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது ஒரு கைபேசித் திரையை. அதில் என் முழங்கால் தெரிந்தது.

கைபேசியை நீட்டிப் பிடித்திருந்தவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார். திரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெண்மணி மாடிப்படியின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீடு முதல் மாடியில்தான். லிஃப்ட் அன்று ஓடவில்லை.

"நீங்கதானேம்மா இது? வீடியோல நடந்துகினு போறது?"

நான்தான். மறுக்க முடியாது.

அந்த வீடியோவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதே வருடம் ஆடியில் எனக்கு இடது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. காலையில் ஆபரேஷன். மாலை ஐந்தரை மணிக்கு உடற்பயிற்சி சொல்லித் தருபவர் வந்து, வாக்கரைக் கையில் கொடுத்து, நான்கு தப்படி நடக்கவைத்தார். என் மகன் அதைக் கைபேசியில் எடுத்தான். "வலிக்குதாம்மா?" என்று கேட்டான். "வலியே இல்லடா" என்றேன். உறவினர்கள் எல்லோரும் விசாரித்துக்கொண்டே இருந்ததால் அதைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டான். அங்கிருந்து யார் எடுத்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியாது. சில வாரங்கள் கழித்து அது பாட்டுடன் திரும்பி வந்தது. வாக்கர் தெரியாதபடி படத்தின் பக்கங்கள் வெட்டப்பட்டிருந்தன. மேலே எழுத்து: "காலையில் இரண்டு முட்டியும் ஆபரேஷன்! மாலையில் வாக்கிங்! ஒரே வாரத்தில் மாடிப்படி! அம்பத்தூர் அம்மா சாதனை!"

நான் செய்தித்தாளில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். தப்பைப் பார்த்தால் திருத்தம் போடச் சொல்லிக் கேட்பது பழக்கம். இதில் யாரிடம் கேட்பது? அதற்கு ஆசிரியரும் இல்லை, அலுவலகமும் இல்லை. அம்பத்தூர் என்பது மட்டும் சரி. இரண்டு முட்டி இல்லை, ஒன்றுதான். ஒரே வாரத்தில் நான் ஏறியது கட்டில்மேல்.

அதற்குள் நான் பிரபலம் ஆகிவிட்டேன். காய்கறிக் கடையில் ஒருவர் முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டு, "எங்க, மடக்குங்க பார்ப்போம்" என்றார். மடக்கிக் காட்டினேன். என்ன செய்வது?

ஆனால் வீடு தேடியே வந்த முதல் ஆட்கள் இவர்கள்தான்.

கணவனும் மனைவியுமாக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மனைவி உட்காருவதற்கே நேரம் ஆனது. நாற்காலியின் கைகளை அழுத்திப் பிடித்து, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். அந்த வலி எனக்குத் தெரியும். ஐந்து வருடம் அப்படித்தான் உட்கார்ந்தேன். அவர்கள் வேப்பம்பட்டுக்காரர்கள். பரம்பரையாக விவசாயம், நிலத்தில் பாதி மனைகளாகிவிட்டது. கணவர் ஆவடிப் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். என் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"ஆட்டோ ஸ்டாண்டுல வீடியோவைக் காட்டினேன். 'இந்தம்மா நம்ம சவாரிதான்'னு ஒருத்தன் கரெக்டா ஊட்டைக் காட்டிட்டான்" என்றார் பெருமையாக.

மனைவி நேராக விஷயத்துக்கு வந்தார். "நாளைக்குக் காலைல எனக்கு அட்மிஷன்க்கா. ரெண்டு முட்டியும். உங்களைப் பார்த்துட்டுத்தான் தைரியம் வந்துச்சு. ஒரே ஒரு விஷயம் கேக்கணும். சின்னப் பொண்ணுக்கு அடுத்த மாசம் பிரசவம். கொழந்தையைக் கால்ல போட்டு நான் குளிப்பாட்டணும். அதுக்குள்ள சரியாயிடும் இல்ல?"

இதைச் சொல்லும்போது இரண்டு கால்களையும் கொஞ்சம் நீட்டிக் காட்டினார். தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றுவது. அந்த நீட்டல் பாதியிலேயே நின்றுவிட்டது.

பெரிய பெண்ணின் பிரசவத்திலும் இப்படித்தானாம். அப்போதே முட்டி மடங்கவில்லை. தரையில் உட்கார முடியாததால் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றப் பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் அம்மாளை வரவழைத்தார்கள். "எம்பேரனுக்கு வேற யாரோ ஊத்துறாங்க. நான் சோப்பை எடுத்துக் குடுத்துகினு நிக்கறேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் பதில் சொல்வதற்குள் கணவர் புகுந்தார்.

"நான் வேணாம்னுதாம்மா சொல்றேன். எனக்கும் ஒரு வீடியோ வந்துகீது. முட்டியில இரும்பு வெக்கிறாங்களாம். மழைக்காலத்துல இடி அதைத் தேடிகினு வருமாம்."

"நீ சும்மா இருய்யா. இடிக்கு வேற வேலை இல்ல" என்றார் மனைவி.

"ஆதாரம் கீதுடி!" என்று தன் கைபேசியைத் தேடினார். தேடிக்கொண்டே, என் நாற்காலியிலிருந்து தன்னுடையதைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டதையும் கவனித்தேன். ஜன்னலுக்கு வெளியே மேகம் கறுத்திருந்தது.

"ஐப்பசி முழுக்க இடி இடிச்சுது. நான் இதே நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தேன்" என்றேன். அவர் முழுவதும் நம்பவில்லை.

நிலைமை இதுதான். ஒருவர் கையில் என் வீடியோ, இன்னொருவர் கையில் இடி வீடியோ. நான் சும்மா இருந்தால் மனைவி நாளைக்கே போய் இரண்டு முட்டியையும் மாற்றிக்கொண்டு, பேரக்குழந்தை வரும்போது கட்டிலில் கிடப்பார். நான் கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்திவிட்டால் கணவர் ஜெயிப்பார். மனைவி இனி ஆபரேஷன் பக்கமே போகாமல், ஆயுசுக்கும் இப்படியே உட்கார்ந்து எழுந்துகொண்டிருப்பார். இரண்டும் எனக்குச் சம்மதம் இல்லை. ஏனென்றால் என் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது தனியாக ரயிலேறி ஆவடிக்குப் போய் வருகிறேன்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"பழைய மாதிரி ஆவ மூணு மாசத்துக்கு மேல ஆவும்னார். அது எல்லாருக்கும் பொதுவா சொல்றது தானேக்கா? நீங்க சாயங்காலமே நடந்தீங்களே."

"பிரசவம் இருக்குன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

மனைவி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "சொன்னா தேதியைத் தள்ளிப் போட்டுருவார்னு சொல்லல."

ஒரு மருத்துவர் நேரில் உட்காரவைத்துச் சொன்னதை, நான் நான்கு தப்படி வைத்த வீடியோ அடித்துவிட்டது. எழுந்து போய் மகனை எழுப்பினேன்.

"டேய், ஆஸ்பத்திரியில எடுத்த மத்த வீடியோ எல்லாம் இருக்கா?"

"நீ அழிக்கச் சொன்னியேம்மா."

"அழிச்சியா?"

"இல்லை" என்றான், போர்வைக்குள்ளிருந்து.

அந்த வீடியோக்களில் நான் நைட்டியில் இருக்கிறேன். தலை வாரவில்லை. ஒன்றில் அழுகிறேன். அவற்றை யாரும் பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். இப்போது நானே அவனைக் கூடத்துக்கு இழுத்துவந்து, டி.வி.யில் போடச் சொன்னேன். பெரிதாகத் தெரியட்டும்.

முதலில் பழைய வீடியோ, வெட்டாமல். வாக்கர் தெரிந்தது. பக்கத்தில் என் இடுப்பைப் பிடித்தபடி ஒருவர் வருவதும் தெரிந்தது. "வலியே இல்லடா" என்று நான் சிரிக்கிறேன்.

"பார்த்தீங்களா" என்றார் மனைவி கணவரிடம்.

"அன்னிக்குச் சாயங்காலம் அஞ்சரைக்கு நான் சொன்னது நிஜம். வலி தெரியாம இருக்கப் போட்ட மருந்து அப்போ உடம்புல இருந்துச்சு" என்றேன். "அடுத்ததைப் பாருங்க."

அடுத்தது மறுநாள் காலை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் உடற்பயிற்சிக்காரரிடம், "சார், உங்க அம்மாவா இருந்தா இப்படி மடக்குவீங்களா?" என்று கத்துகிறேன். அவர் நிதானமாக, "அம்மாவுக்கும் நான்தாம்மா மடக்கினேன். அவங்க இதைவிடக் கெட்ட வார்த்தை சொன்னாங்க" என்கிறார். கணவர் வாய்விட்டுச் சிரித்தார். மனைவியும் சிரித்தார், ஆனால் கண் திரையிலேயே இருந்தது.

பிறகு நான் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகும் வீடியோ. அதில் வேறு ஒன்றுமே நடக்காது. நான் போய்க்கொண்டே இருக்கிறேன், அவ்வளவுதான்.

"இது எத்தினியாவது நாளு?" என்று மனைவி கேட்டார்.

மகன் கைபேசியைப் பார்த்துவிட்டு, "மூணாவது வாரம் ஆன்ட்டி" என்றான்.

அதன்பின் ஒவ்வொரு வீடியோவுக்கும் அவர் அதையே கேட்டார். இது எப்போ? இது எப்போ? கழிவறையில் உயரம் கூட்டிய இருக்கை, எப்போது? கைத்தடிக்கு மாறியது எப்போது? நான் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்குகிற வீடியோ வந்தபோது கணவரும் சேர்ந்து கேட்டார். பாட்டு போட்ட வீடியோவில் விட்டுப்போனது அதுதான். தேதி. எந்த நாள், எந்த மணி என்று போட்டிருந்தால் அதில் இருந்த நான்கு தப்படி செய்தியாக இருந்திருக்கும்.

கடைசியாக, கேட்க மனமில்லாமல் மனைவி கேட்டார். "தரையில எப்போக்கா உட்கார்ந்தீங்க?"

"இன்னும் உட்காரல. வேணாம்னு என் டாக்டர் சொல்லியிருக்கார். உங்களுக்கு என்னன்னு உங்க டாக்டர்தான் சொல்லணும். ஆனா அடுத்த மாசம் முடியாது."

அவர் நீட்டியிருந்த காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். நான் காபி போடுகிறேன் என்று சொல்லிச் சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கே நின்று பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் கணவர், "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று ஆரம்பிப்பது கேட்டது.

"நீங்க சொன்னது இடி" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன்.

காபி குடிக்கும்போது எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரசவம் இருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு முட்டியையும் ஒன்றாகவா, ஒவ்வொன்றாகவா என்று கேளுங்கள். அவர் சொல்வதைப் பொதுப்பேச்சு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மனைவி தலையாட்டினார். படி இறங்கும்போது கணவர் முன்னால் ஒரு படி இறங்கித் தோளைக் கொடுத்தார். "புடிச்சுக்கோ, இடி இன்னும் வரல" என்றார். அவர் தலையில் ஒரு தட்டு விழுந்தது.

அன்று மாலையே நான் ஒரு திருத்தம் வெளியிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து, இடது முட்டி மட்டும்தான், முதல்நாள் மாலை வாக்கரோடுதான், ஒரு வாரத்தில் மாடி ஏறவில்லை என்று சொன்னதை மகன் வீடியோ எடுத்தான். பாட்டு சேர்க்கட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். பெரும்பாலும் உறவினர்கள் பார்த்தார்கள். "புடவை எங்கே வாங்கினது?" என்று என் நாத்தனார் கேட்டிருந்தார். பழைய வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

திங்கட்கிழமை அவர்கள் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போய், மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, பெட்டியோடு வீடு திரும்பினார்கள். மனைவி போனில் சொன்னார். மருத்துவர் திட்டவில்லையாம். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டாராம்.

அன்றிலிருந்து யாராவது ஆபரேஷன் வீடியோ அனுப்பினால், பொய்யா நிஜமா என்று நான் முதலில் பார்ப்பதில்லை. எந்த நாளில் எடுத்தது என்று பார்க்கிறேன். நிஜமாக இருந்தாலும் அது எந்த மணிக்கு நிஜம் என்று தெரிய வேண்டியிருக்கிறது. என் நான்கு தப்படி எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். இப்போது என்னை மடக்கிக் காட்டச் சொல்பவர்களிடம், மடக்கிக் காட்டிவிட்டு, எத்தனை மாதம் கழித்து இப்படி மடங்கியது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதற்குள் சிலர் நகர்ந்துவிடுகிறார்கள். சிலர் நின்று கேட்கிறார்கள்.

தை மாதம் வேப்பம்பட்டிலிருந்து ஒரு வீடியோ வந்தது. பெண் குழந்தை. வீட்டுக்குப் பின்புறம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், கணவர் மணைமீது உட்கார்ந்து லுங்கியை மடித்துக்கொண்டு இரண்டு கால்களையும் நீட்டியிருந்தார். குழந்தை அவர் கால்மீது குப்புறக் கிடந்தது. பக்கத்தில் நாற்காலியில் மனைவி, கையில் சொம்பு.

"கழுத்தைப் புடிய்யா. ஐயோ, ஸ்டேரிங் மாதிரி புடிக்காதே!"

"நீ ஊத்து, நான் புடிச்சிகினுதான் கீறேன்."

குழந்தை அழவில்லை. அவர்தான் பயந்த முகத்தோடு இருந்தார்.

அடுத்த ஆடியில், குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு, மனைவிக்கு வலது முட்டியில் மட்டும் ஆபரேஷன் நடந்தது. இடதுக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவது இன்றும் தாத்தாதான்.