ஓரகத்தியின் ராக்கெட்

அந்த வீட்டுப் பெரிய மருமகள் ராக்கெட் விடுகிறவள் என்பது தெருவுக்கே தெரியும். தண்ணீர் கேன் போட வருகிறவர்கூட, "இன்னிக்கு மேல போச்சா?" என்று விசாரித்துவிட்டுத்தான் படியிறங்குவார். போனதா போகவில்லையா என்பது அவள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும்.

ஹாலின் மூலையில், துணி மடிக்கும் மேசைக்குப் பக்கத்தில், ஒரு பழைய கம்ப்யூட்டர். குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் பார்க்கும் அவள் கணவன் பில் போடுவதற்கென்று வாங்கியது. ஒரு பில்லும் அதில் போடப்படவில்லை. பெரியவள் காலில் விரிசல் விட்டு மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்த நாட்களில், பொழுது போகாமல் அதில் ஒரு விளையாட்டைத் திறந்தாள். எரிபொருள் தொட்டி, என்ஜின், பாராசூட், ஏணி என்று எல்லாம் தனித்தனியாகக் கிடக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, உச்சியில் குட்டையாக ஒரு விண்வெளி வீரனை உட்காரவைத்து, பொத்தானைத் தட்ட வேண்டும். மேலே போனால் போகும். பெரும்பாலும் போகாது. அவளுடைய முதல் ராக்கெட் எழும்பி, யோசித்து, குடித்தவன் சுவரில் சாய்வதுபோல் சாய்ந்து, தரையில் மூக்கைக் குத்திக்கொண்டது. கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்று பிடித்த வீம்பு, கட்டுப் பிரித்த பிறகும் விடவில்லை.

அவளுக்கு வேலை பார்சல் பிரிக்கும் கூடத்தில். வண்டியில் சரக்கு ஏற்றும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. கடைசியாக இறங்க வேண்டிய பெட்டி முதலில் ஏற வேண்டும். கனமானது நடுவில், கண்ணாடிச் சாமான் மேலே. ஒவ்வொரு வாசலிலும் பெட்டியை மறுபடி தராசில் வைப்பார்கள், போன வாசலில் வைத்தது பக்கத்து வீட்டுக்காரனே ஆனாலும். யாரையும் நம்பாத தொழில். ராக்கெட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று அவளுக்குப் பட்டது. எது முதலில் கழன்று விழ வேண்டுமோ அதை அடியில் வை.

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை மாலை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்காருவார். எல்லாம் தயாரானதும், "போலாம், ரைட்" என்பார். அவர் சொல்லாமல் அந்த வீட்டில் ஒரு ராக்கெட்டும் கிளம்பியதில்லை.

விளையாட்டில் ஒரு வசதி உண்டு. நடுவில் சேமித்து வைத்துக்கொண்டால், கெட்டுப்போன பயணத்தை அழித்துவிட்டுப் பழைய இடத்திலிருந்து தொடங்கலாம். பெரியவள் அதைத் தொடமாட்டாள். போனது போனதுதான் என்பது அவள் போட்ட சட்டம். சட்டம் கம்பீரமாகத்தான் இருந்தது, தொப்பையன் நிலாவில் மாட்டிக்கொள்ளும்வரை.

தொப்பையன் என்பது அவளுடைய வீரனுக்கு மாமனார் வைத்த பெயர். ஒரு ஞாயிறு அவனை நிலா வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். இறங்கும்போது கலம் ஒரு சரிவில் கால் வைத்து, கவிழ்ந்து, என்ஜின் உடைந்துவிட்டது. ஆள் பிழைத்தான். திரும்பி வர வழியில்லை. மீட்க ஒரு ராக்கெட் அனுப்பினாள், அது நிலாவில் மோதிச் சிதறியது. இன்னொன்று நிலாவையே தாண்டிப் போய் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு கம்ப்யூட்டரைத் திறந்து, சாம்பல் சரிவில் அவன் நிற்கிறானா என்று பார்த்துக்கொள்வாள். நின்றுகொண்டிருப்பான். என்றைக்காவது நானே போய்க் கூட்டி வருவேன் என்று மனதுக்குள் சொல்லி மூடிவிடுவாள்.

இந்த நிலைமையில்தான் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகி, சின்னவள் வீட்டுக்கு வந்தாள்.

சின்னவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். வலிக்காமல் ஊசி குத்துவாள் என்று பெயர். புருஷன் கப்பலில் சமையல்காரன். கல்யாணமான கையோடு கடலுக்குப் போய்விட்டான். மாலையில் அவளுக்கும் பொழுது போகவில்லை. "அக்கா, நானும் ஒரு தடவ விட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். பெரியவள் தாராளமாக எழுந்து இடம் கொடுத்தாள். குடித்தவன்போல் சாயப்போகும் ராக்கெட்டைப் பார்க்க அவளுக்கு ஆசையாகவே இருந்தது.

சாயவில்லை. நேரே போய், அழகாக வளைந்து, பூமியைச் சுற்ற ஆரம்பித்தது. முதல் தடவையே.

"அட, கைராசிம்மா உனக்கு" என்றார் மாமனார்.

ராசியாம். பெரியவள் சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். எத்தனை ராக்கெட் நொறுங்கியபின் அவளுக்கு அந்தச் சுற்று கைவந்தது என்பது இந்த மனுஷருக்குத் தெரியாதா? பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்தவர்தானே?

அதிலிருந்து வீட்டில் காற்று திசை மாறிவிட்டது. சின்னவள் கட்டும் ராக்கெட்டுகள் ஆய்வுக்கூடக் குப்பிகள்போல் ஒல்லியாக, சுத்தமாக இருந்தன. ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் வைத்தாள். பெரியவளுடையவை சரக்கு வண்டிகள்: நாலாபக்கமும் தொட்டிகள், எதற்கும் இருக்கட்டும் என்று ஒட்டிய என்ஜின்கள். கணவன் ஒருநாள் இரண்டையும் பக்கத்தில் பார்த்துவிட்டு, அவளுடையது ராக்கெட், உன்னுடையது குடும்பத்தோடு ஊர் மாறுகிறது என்றான். சிரிக்கச் சொன்னதுதான். பெரியவள் அன்று அவனுக்குக் காபியில் சர்க்கரை போடவில்லை. தண்ணீர் கேன்காரர் இப்போது, "சின்னம்மாவோடது மேல போச்சா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்.

வெளியே அவள் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. நல்லா விடுறா, நல்லா விடுறா என்று எல்லோரிடமும் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் தொண்டையில் மீன்முள் மாட்டியதுபோல் இருந்தது.

பிறகு சின்னவள் வரும் ஞாயிறு நிலாவுக்குப் போகப்போவதாக அறிவித்தாள். போய், இறங்கி, திரும்பி வருவாளாம். ராக்கெட்டைக் கட்டி முடித்து, தொட்டிகளை நிரப்பி, கணக்குப் போட்டுச் சரிபார்த்து, சேமித்து வைத்துவிட்டாள். மாமனார் மாடி வீட்டுக்காரர்களையும் வந்து பார்க்கச் சொல்லிவிட்டார். பெரியவளின் ராக்கெட்டுக்கு மாடியிலிருந்து யாரும் இறங்கி வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை பெரியவளுக்கு விடுமுறை. வீட்டில் யாரும் இல்லை. தொப்பையனைப் பார்க்கத்தான் கம்ப்யூட்டரைத் திறந்தாள், சத்தியமாக அதற்குத்தான். பார்த்தாள். பிறகு சின்னவளின் ராக்கெட்டையும் பார்த்தாள். உச்சியில், வீடு திரும்புவதற்கான சின்னத் தொட்டி. அதைத் தட்டினால் ஒரு கோடு வரும்; கோட்டை இடது பக்கம் இழுத்தால் எரிபொருள் குறையும். முழுக்கக் காலி செய்தால் தெரிந்துவிடும். கொஞ்சம் இழுத்தாள். அப்புறம் இன்னும் கொஞ்சம். சேமித்தாள். போய்த் துணி மடித்தாள். ஒரு தடவை தோற்கட்டுமே, என்ன குடிமுழுகிவிடப்போகிறது?

கிளம்பும் முன் சின்னவள் தொட்டியைத் திறந்து பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் பார்க்கமாட்டாள் என்று பெரியவளுக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்தில் மூடி சீல் வைத்த குப்பியை யாரும் மறுபடி திறப்பதில்லை, திறந்தால்தான் கெட்டுப்போகும். ஒருமுறை சரிபார்த்து மூடினால் அவளைப் பொறுத்தவரை அது சரி. பார்சல் கூடத்தில் வளர்ந்தவள் செய்யாத தப்பு அது.

ஞாயிறு மாலை ஹால் நிரம்பியிருந்தது. மாமனார் விசில்கூடத் தேடி எடுத்து வைத்திருந்தார். "போலாம், ரைட்" என்றார். ராக்கெட் கிளம்பியது. கொஞ்சம் லேசாகவே கிளம்பியது. அதைக் கவனித்தது ஹாலில் ஒரே ஒருத்தி. அவள் சுவரோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நிலா நெருங்கியது. கலம் புகைபோல் தூசி கிளப்பிக்கொண்டு மெல்ல இறங்கி, நான்கு கால்களில் நின்றது. மாடி வீட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். சின்னவள் காட்சியைத் திருப்பினாள். பக்கத்துச் சரிவில் கவிழ்ந்த பெட்டிபோல் ஒரு கலம் கிடந்தது. அதன் அருகில் குட்டையாக ஓர் உருவம்.

"அக்கா, உங்க ஆளு" என்றாள் சின்னவள். "கூட்டிட்டுப் போகத்தான் வந்தோம். ரெண்டு சீட்டு வெச்சுக் கட்டினேன். சொல்லக் கூடாதுன்னு மாமாதான் சத்தியம் வாங்கினாரு."

எல்லோரும் பெரியவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சிரித்தாள் என்றுதான் நினைத்தார்கள். அவளுக்குள்ளோ இரண்டு நெருப்பு ஒரே நேரத்தில் பற்றியது. ஒன்று, அந்தத் தொட்டி. மற்றது அதைவிடச் சூடாக இருந்தது: என் ஆளைக் கூட்டிப்போக இவள் யார்?

தொப்பையன் துள்ளித் துள்ளி நடந்து வந்து, ஏணி ஏறி, காலி இருக்கையில் உட்கார்ந்தான். மாமனார் விசில் ஊதினார். கலம் நிலாவை விட்டுக் கிளம்பி, வீட்டுப் பக்கம் திரும்பி, என்ஜினை ஓட்டியது. ஓட்டிக்கொண்டே இருக்கும்போது, பாதியில் தீ அணைந்தது.

சின்னவள் விசையை மறுபடி தட்டினாள். ஒன்றும் வரவில்லை. எரிபொருள் காட்டும் கோடு வெறுமையாக இருந்தது. பாதை பூமியை நோக்கி வளைந்து வந்து, காற்று மண்டலத்துக்குக் கொஞ்சம் மேலேயே உரசாமல் போனது. உரசினால் வேகம் குறைந்து இறங்கும். உரசாவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்போது ஒருவனுக்குப் பதில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள்.

சேமித்த இடத்துக்குத் திரும்பேன் என்று பெரியவளின் கணவன் சொன்னான். சின்னவள் தலையாட்டி மறுத்தாள். அக்கா போட்ட சட்டம், இந்த வீட்டில் போனது போனதுதான் என்றாள். அப்புறம் பெரியவள் பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சிருங்கக்கா. தப்பு என்னுதுதான். கணக்குல எங்கயோ கோட்டை விட்டுட்டேன். உங்க ஆள வேற கெடுத்துட்டேன்."

குரலில் அழுகை இல்லை, சாக்கு இல்லை. மாடி வீட்டம்மா உச்சுக்கொட்டினாள். மாமனார் எழுந்து சின்னவளின் தலையில் கை வைத்தார். "ஜெயிக்கிறவங்கள எத்தனையோ பேரைப் பாத்துட்டேம்மா. தப்ப இப்படி நிமிந்து நின்னு ஒத்துக்கிற ஆள இப்பதான் பாக்கறேன்."

பெரியவள் இவ்வளவு நேரம் வாயைத் திறப்பதாகவே இல்லை. குற்றவுணர்ச்சி ஒரு பக்கம் அரித்தாலும், அதை விழுங்கிவிடலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் இது என்ன அநியாயம்? ஏறினாலும் இவளுக்குப் பேர், விழுந்தாலும் இவளுக்குப் பேரா? இவள் செய்யாத தப்புக்குக்கூட இவளுக்கே மாலையா?

"அது உன் தப்பு இல்ல" என்றாள். "என் தப்பு. அந்தத் தொட்டியக் குறைச்சது நான்."

சின்னவளின் கை விசையிலிருந்து இறங்கியது.

"எப்ப?" என்று கேட்டாள் சின்னவள்.

"வெள்ளிக்கிழம. நீ வேலைக்குப் போனப்புறம்."

"எதுக்கு?"

அதற்குப் பெரியவளிடம் பதில் இருந்தது. இத்தனை பேர் முன்னால் சொல்லும்படியாக இல்லை. சின்னவள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"உக்காருங்க. நீங்களே கொண்டு வாங்க."

மாடி வீட்டுக்காரர்கள் அடுப்பில் பால் வைத்திருந்த நினைவு வந்து எழுந்து போனார்கள். மாமனார் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

பெரியவள் உட்கார்ந்தாள். எரிபொருள் இல்லாத கலத்தோடு மாரடிப்பதில் அந்த வீட்டில் அவளுக்கு இணை யாரும் இல்லை. அவளுடைய ராக்கெட் வாழ்க்கையே பெரும்பாலும் அதுதான். பூமியிலிருந்து மிகத் தூரமான முனைக்குக் கலம் போகும்வரை காத்திருந்தாள். அந்த முனையில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் மறுமுனை பூமி பக்கம் தாழும். தொப்பையனை வெளியே இறக்கினாள். அவன் முதுகில், காற்றைப் பீய்ச்சி அவனை நகர்த்தும் சின்னப் பறக்கும் பை ஒன்று உண்டு. அவனை மிதந்தபடி கலத்தின் முன்னால் கொண்டுபோய், மூக்கில் தோளைக் கொடுத்து, வந்த வழியே தள்ளவைத்தாள்.

நடுரோட்டில் நின்றுபோன பஸ்ஸைத் தள்ளுவதுபோல ஒரு குட்டை மனிதன் ராக்கெட்டைத் தள்ளினான். மாமனாரின் கழுத்து தானாகத் திரையின் பக்கம் திரும்பியது.

முதுகுப் பை தீர்ந்துவரும்போது அவனை உள்ளே ஏற்றினாள். உள்ளே போய் வந்தால் பை நிரம்பிவிடும். மறுபடி வெளியே. மறுபடி தள்ளல். பாதை மயிரிழை மயிரிழையாகத் தாழ்ந்தது. ஒரு தடவை தோள் வழுக்கி, கலம் கிறுகிறுவென்று சுற்ற, அதை நிறுத்தவே கொஞ்ச நேரம் பிடித்தது. சின்னவள் கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே நின்றாள். கடைசியில் பொறுக்கமாட்டாமல், "மூக்கு சாயுது, இடப்பக்கம் புடிங்க" என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். பெரியவளுக்கு அது எரிந்தது. எரிந்தாலும் இடப்பக்கம் பிடித்தாள்.

பாதை காற்றை உரசியது. தொப்பையனை உள்ளே ஏற்றிக் கதவடைத்தாள். கலம் சிவந்து, கனன்று, வேகம் தணிந்து, பாராசூட் விரிந்து, கடலில் தொப்பென்று விழுந்து மிதந்தது.

"எல்லாரும் எறங்குங்க, கடைசி ஸ்டாப்பு" என்றார் மாமனார், யாரையும் பார்க்காமல்.

பெரியவள் எழுந்திருக்கவில்லை. திரும்பினால் சின்னவளின் முகத்தைப் பார்க்க வேண்டும். மன்னிப்பு என்ற சொல்லை எந்தப் பக்கத்திலிருந்து எடுத்துத் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். சின்னவள்தான் முந்தினாள்.

"நீங்க செஞ்சத நான் மறக்கமாட்டேன்" என்றாள். பிறகு, மனசில்லாமல் கேட்பதுபோல்: "அது எப்படி, ஆள வெளிய எறக்கித் தள்றது? எனக்கு ஏன் தோணவே இல்ல?"

பெரியவள் இப்போது திரும்பிப் பார்த்தாள். சின்னவளின் கண் திரையில் மிதக்கும் கலத்தின்மேல் இருந்தது. உதடு லேசாகச் சுண்டியிருந்தது. அந்தக் குரலில் ஒரு மீன்முள் மாட்டியிருந்தது. அதை எந்தக் கூட்டத்திலும் பெரியவளால் அடையாளம் காண முடியும். இத்தனை மாதம் அது அவள் தொண்டையில்தானே இருந்தது.

"தொட்டியக் குறைச்சது தப்புதான். அதுக்கு எத்தனை தடவ வேணும்னாலும் மன்னிப்புக் கேக்கறேன்" என்றாள் பெரியவள். நாற்காலியில் இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்துகொண்டாள். "தள்ளுறது எப்படின்னு மட்டும் இன்னிக்குக் கேக்காத."