அப்பாவுக்கு ஆகாதவர்

என் அப்பா ரொட்டிக்கடைக்காரர். முப்பது வருடத்தில் ஒருநாள்கூடக் காய்ச்சலென்று படுத்ததில்லை. தெருவே இருமிக்கொண்டு கிடந்த மழைக்காலத்திலும் இவர் மட்டும் அடுப்புக்கு முன்னால் பனியனோடு நின்று, கிருமிக்கெல்லாம் தன்னைக் கண்டால் பயம் என்று பெருமையடித்துக்கொள்வார். நாங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டுத் தொலைப்போம்.

அவருக்கு இருந்த ஒரே வியாதி என் மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. கல்யாணம் முடிந்த மறுவாரம் அப்பா மாமனார் வீட்டுக்கு ஆசை ஆசையாகப் பன் சுட்டுக் கொண்டுபோயிருக்கிறார். மாமா அதைக் கடித்துப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு அத்தான்" என்று சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு வயது பதினாறு. பன்னும் கல்லு மாதிரிதான் இருந்தது என்று அம்மா இன்றைக்கும் சாட்சி சொல்வாள். வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். அப்பா அந்த முகத்தைக் குறித்துவைத்துக்கொண்டார்.

பிறகு மாமாவுக்கு எங்கேயும் வேலை கிடைக்காமல் போக, அம்மா ஒற்றைக்காலில் நின்று அவரைக் கடையிலேயே சேர்த்தாள். அப்பா கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. பின்னறையில் மைதா மூட்டையைப் பிரித்துச் சலிக்க வேண்டும். பிசைந்த மாவில் கை வைக்கக் கூடாது, அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. நேர்ப்பேச்சும் கிடையாது. மாமா எதிரிலேயே நின்றாலும், "உன் தம்பிகிட்டச் சொல்லு, இன்னும் ரெண்டு மூட்டை சலிக்கணும்" என்று கல்லாவில் இருக்கும் அம்மாவிடம்தான் சொல்வார். அம்மா திரும்பி அதையே மாமாவிடம் ஒப்பிப்பாள். மூன்று பேரும் நிற்பது கைநீட்டினால் தொடுகிற தூரத்தில். இப்படியே பத்தொன்பது வருடம் ஓட்டினார்கள்.

தும்மல் ஆரம்பித்தது போன வருடம். மாமா தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக, சலித்த மைதாவை டப்பாவில் அள்ளிக்கொண்டு வந்து மாவு பிசைகிற தொட்டியில் கொட்டுவார். உடனே அப்பாவுக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். பத்து, பன்னிரண்டு என்று எண்ணிக்கை போகும், கண் சிவந்து ஒழுகும். மாமா பின்னறைக்குப் போனால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. அன்றைக்கு மாமாவும் வரமாட்டார், தும்மலும் வராது. இதற்குமேல் ஆதாரம் எதற்கு? "உன் தம்பியைக் கண்டா எனக்கு ஆகாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன். இப்ப என் மூக்கே சொல்லுது" என்றார் அம்மாவிடம். முகத்தில் கேஸ் ஜெயித்த களை.

அந்தக் களை அதிக நாள் தங்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. கடையின் மூன்று படி ஏற முடியாமல் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். கிருமி பயப்படுகிற மனிதரைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டே, "உங்களுக்கு எது ஆகாது?" என்று கேட்டார்.

"என் மச்சினன்" என்றார் அப்பா.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய நுரையீரல் படத்தைப் பார்த்தேன்.

இன்னொரு நாள் வரச்சொல்லிச் சோதனை செய்தார்கள். முன்கையில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டு வைத்து, ஊசிமுனையால் லேசாகக் குத்தினார்கள். தூசிப்பூச்சி, பூனை முடி, கரப்பான், கோதுமை மாவு என்று நர்ஸ் வாசித்துக்கொண்டே போக, இந்த லிஸ்டில் மச்சினன் எத்தனையாவது என்று அப்பா விசாரித்தார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் நான்காம் எண் மட்டும் கொசு கடித்தது போல் தடித்துச் சிவந்திருந்தது. கோதுமை மாவு. மைதாவும் கோதுமைதானே.

தனக்குச் சோறு போடுகிற சாமான் தனக்கே எப்படி ஆகாமல் போகும் என்று அப்பா சண்டைக்கு வந்தார். டாக்டரம்மா பொறுமைசாலி. உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது, உள்ளே நுழைகிற கிருமியை அடையாளம் கண்டு விரட்டும், அதை மறக்காமல் வைத்திருந்து மறுதடவை வந்தால் உடனே பாயும் என்றார். அப்பா தன்னைப் புகழ்வதாக நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா அதுக்கும் சில சமயம் ஆள் தெரியாமப் போயிடும்" என்றார் டாக்டரம்மா. "மாவு உங்களை ஒண்ணும் பண்ணலை. உங்க உடம்புதான் அதை எதிரின்னு முடிவு பண்ணிடுச்சு. இனிமே லேசுல மறக்காது. மாவு மூக்குல ஏறினாலே சண்டைக்குப் போகும். அந்தச் சண்டையிலதான் உங்களுக்கு மூச்சு முட்டுது."

அப்பா கையிலிருந்த தடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். என் நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

ரொட்டி தின்னலாம், மாவுத்தூசி மட்டும் மூச்சில் போகக் கூடாது, போனால் நுரையீரல் கெட்டுவிடும் என்று சொல்லி, உறிஞ்சுகிற மருந்தும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா கடையை மூடப்போவதாக அறிவித்தார். தம்பி இருக்கிறானே என்றாள் அம்மா. சல்லடை பிடிக்கிறவனிடம் அடுப்பைக் கொடுப்பதைவிடப் பூட்டுப் போடுவதே மேல் என்றார். சொன்னபடி பூட்டும் போட்டார். இரண்டு நாள் வெறுங்கையைப் பிசைந்துகொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் அவ்வளவு சின்ன ஆளாகத் தெரிந்ததை நான் பார்த்ததில்லை. அழுகையாக வந்தது.

மூன்றாம் நாள் அம்மா யாரையும் கேட்கவில்லை. சாவியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டாள். விஷயம் தெரிந்து அப்பா விறுவிறுவென்று கிளம்ப, நானும் பின்னாலேயே ஓடினேன். கடையின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் மாமா மாவு பிசைந்துகொண்டிருந்தார். அப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தண்ணீர் போதாது என்று கத்த வாயெடுத்தார். அதற்குள் மாமா தண்ணீர் தெளித்தார். மாவை மூடிவை என்று சொல்ல நினைத்தபோது மாமா ஈரத்துணி போட்டு மூடிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடமும் பின்னறையிலிருந்து மாமா பார்த்துக்கொண்டிருந்தது அப்பாவின் கையைத்தான்.

முதல் தட்டுப் பன் வந்ததும் அம்மா ஆளுக்கொரு கிளாஸ் டீயோடு வெளியே வந்து, படியில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் ஒரு பன்னை நீட்டினாள். அப்பா பிட்டு, மென்று, மீதியையும் தின்றார். "உன் தம்பிகிட்டச் சொல்லு" என்று ஆரம்பித்தார். அம்மா காத்திருந்தாள். அவர் முடிக்கவில்லை. எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவை ஒரு சாண் திறந்தார்.

மாமா பதறிப் பின்வாங்கினார். "கிட்ட வராதீங்க அத்தான். என் மேலெல்லாம் மாவு."

அப்பா இரண்டு தும்மல் போட்டார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "கல்லு மாதிரி இல்லடா. போய்க் குளிச்சுட்டு வா, டீ ஆறிடும்."

மாமா குழாயடியில் வெகுநேரம் குளித்தார். டீ ஆறித்தான் போனது. அப்பா அதுவரை தன் கிளாஸைத் தொடவில்லை.