என்மேல் அளந்த சட்டைகள்

நினைவு மலரில் முதலில் பிறந்த ஊர் வரவேண்டுமாம். அச்சகத்துத் தம்பி இரண்டு முறை தொலைபேசியில் கேட்டுவிட்டார். "ஆண்ட்டி, அம்மா பொறந்த ஊரு மட்டும் காலியா இருக்குலா, என்ன போடட்டும்?" என்ன சொல்வது? அம்மா பிறந்த ஊர் அம்மாவுக்கே தெரியாது. நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தின் வாசலில், சில நாள் சிசுவாக, துணியில் சுற்றிக் கிடந்தவர் அவர். வளர்ந்ததும் எழுதப் படிக்கக் கற்றதும் தையல் பழகியதும் அங்கேதான்.

அம்மாவின் முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, இந்த மலரில் நல்லதை மட்டும் எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியும். அம்மாவைப் பற்றி நல்லதுதான் எழுதப்போகிறேன். என்னைப் பற்றி அப்படி எழுத முடியாது. நான் அம்மாவுக்கு ஒரே பிள்ளை. ஆனாலும் என் சிறுவயது முழுக்க ஒருத்தியை நினைத்து வயிறெரிந்தேன். அவளை நான் ஒருநாளும் நேரில் கண்டதில்லை.

மலாயாவில் லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த அப்பா, பெண் தேடிக் கப்பலேறி ஊருக்குப் போனபோது அந்த இல்லத்தில்தான் அம்மாவைப் பார்த்தார். கல்யாணம் முடிந்து அம்மா தோட்டத்துக்கு வந்தார். சப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று என்னைப் பெற்றெடுத்தார். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் கடிதம் வாசிக்கத் தெரிந்த ஒரே பெண் அவர்தான். யார் வீட்டுக்குக் கடிதம் வந்தாலும் அம்மாவிடம்தான் வரும். வாசித்ததை வெளியே ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

பிறகு அவசரகாலம் வந்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். அரிசியை வீட்டில் வைக்கக்கூடாது என்று, பொதுக் கொட்டகையில் சமைத்துச் சோறாக அளந்து கொடுத்தார்கள். காட்டிலிருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்ட்காரர்களுக்கு எதுவும் போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, கேட்டைத் தாண்டும் ஒவ்வொரு பையையும் உதறிப் பார்த்தார்கள். அந்தக் கெடுபிடியிலும் அம்மா நிறுத்தாத வேலை ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒரு சட்டை தைத்துத் தான் வளர்ந்த இல்லத்துக்கு அனுப்புவார். அங்கிருந்த புஷ்பம் என்ற பெண்ணுக்கு என்னைவிடச் சில மாதமே குறைவு. "ரெண்டு பேரும் ஒரே அளவு" என்று இல்லத்தை நடத்திய பெரியம்மா எழுதியிருந்தார். அந்த ஒரு வரிதான் எனக்கு வினையாக வந்தது.

தீபாவளிக்கு முன்பு எங்களால் ஒரே ஒரு புதுத்துணிதான் வாங்க முடியும். அதை அம்மா என்மேல் போர்த்தி, தோளில் சாண் வைத்து, இடுப்பில் ஊசி குத்தி அளவெடுப்பார். "ஆடாம நில்லு புள்ள." நான் ஆடாமல் நிற்பேன். தைத்ததும் ஒரு முறை போட்டுப் பார்க்கச் சொல்வார். பூப்போட்ட துணி, பஃப் கை, பின்னால் முடிச்சுப் போடும் நாடா. பார்த்த கையோடு கழற்றி மடித்துவிடுவார். எனக்கு அம்மாவின் பழைய சேலையை வெட்டித் தைத்த பாவாடைதான்.

ஊருக்குப் போகும் பொட்டலத்தைத் துணியில் வைத்துத் தைக்கவேண்டும். கேட்டில் பிரிப்பார்கள் என்பதால் அம்மா தைக்காமலே எடுத்துப்போய், லுக்குட் தபால் நிலைய வாசலில் உட்கார்ந்து தைப்பார். ஒரு வருடம் நானும் கூடப் போனேன். கேட்டிலிருந்த மலாய்க் காவலர் சட்டையை உதறி, யாருடையது என்று கேட்டார். "சாயா புஞா அனாக்" என்றார் அம்மா. என் பிள்ளையுடையது. காவலர் என்னைப் பார்த்தார். சட்டையை என் தோளில் வைத்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டிச் சிரித்து, என் கையிலேயே கொடுத்தார். நான் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். கேட்டைத் தாண்டியதும் அம்மா அதை வாங்கித் திரும்பப் பொட்டலத்தில் வைத்தார்.

திரும்பி வரும் வழியில் லோரிக்குள் கத்தினேன். "அந்த அனாதப் புள்ளைக்கு மட்டும் புதுசு! எனக்கு ஒங்க பழைய சேல!"

அம்மா என் வாயைப் பொத்தினார். "அந்த வார்த்தைய சொல்லாதடி. நானும் அங்க கெடந்தவதான். எனக்கும் வருசா வருசம் எங்கிருந்தோ ஒரு சட்ட வந்துச்சி. யாரு தச்சாங்கன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியாது."

இதைக் கேட்டு மனம் உருகியிருக்கவேண்டும். எனக்கு உருகவில்லை. அப்படியானால் அம்மா முதலில் அவர்களுடைய ஆள், பிறகுதான் என்னுடையவர் என்று கணக்குப் போட்டேன். பொறாமை இரண்டு மடங்கானது.

அடுத்த வருடம் அளவெடுத்தபோது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டேன். தோளைக் குறுக்கினேன். பாவாடைக்குள் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றேன். அம்மா கவனிக்கவில்லை. பால் வாளி சுமந்து வந்த களைப்பு அவருக்கு. சட்டை சின்னதாகத் தயாராகி, கப்பலேறிப் போய்விட்டது. அன்று பொதுக் கொட்டகைச் சோறுகூட எனக்கு ருசித்தது.

பதில் வந்தது. அதுவரை பெரியம்மாதான் எழுதுவார். அந்த முறை புஷ்பமே எழுதியிருந்தாள். அம்மா எப்போதும்போல உரக்க வாசித்தார்.

"அம்மா, சட்டை இறுக்கமாக இருந்தது. அக்கா மிகவும் மெலிந்துவிட்டார் என்று பேசிக்கொண்டோம். அங்கே சண்டை நடக்கிறது, சோறு அளந்துதான் கிடைக்கிறது என்று பெரியம்மா சொன்னார். அக்காவுக்காக நாங்கள் தினமும் வேண்டிக்கொள்கிறோம். சட்டையைச் சின்னப் பாப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த வருடம் எனக்கு வேண்டாம். அந்தத் துணியில் அக்காவுக்குத் தைத்துக் கொடுங்கள்."

அம்மா கடிதத்திலிருந்து கண்ணெடுத்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கொழுகொழுவென்று நின்றேன்.

"நேரா நில்லு" என்றார்.

நின்றேன். தோளில் சாண் வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. "அப்பனும் ஆத்தாளும் பக்கத்துல இருக்கையில, அவகிட்டயா புள்ள நீ போட்டி போடுற?" என்று மட்டும் கேட்டார். தன் கல்யாணச் சேலையை வெட்டி, சரியான அளவில் இன்னொரு சட்டை தைத்தார். அதுவும் புஷ்பத்துக்கே போனது. நான் செய்த திருட்டுத்தனத்தால் அந்த வருடம் அவளுக்கு இரண்டு சட்டை. வெட்கப்பட்டேன் என்று எழுத ஆசைதான். வெட்கமும் பட்டேன், அதைவிட அதிகமாக எரிந்தேன்.

அவசரகாலம் முடிந்து வேலி போனது. அப்பா போனார். தோட்டமும் வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. அம்மா என்னோடு லுக்குட்டுக்கு வந்தார். கண் மங்கும்வரை அந்த இல்லத்துக்குத் தைத்து அனுப்பினார். புஷ்பம் அங்கேயே ஆசிரியையாகி, சட்டைகளை வாங்கிப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டாள். கடைசி வாரத்தில் அம்மாவுக்கு நினைவு தடுமாறியது. ஒருநாள் பிற்பகல், தலையணையைச் சரிசெய்யக் குனிந்த என் தோளில் சாண் வைத்தார். "புஷ்பத்துக்குச் சரியா இருக்கும்" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. ஒரு வருடமாக அதை யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவின் மறைவைத் தெரிவித்து எழுதியதற்குப் புஷ்பத்திடமிருந்து வந்த பதிலை இங்கே தருகிறேன்.

"அக்கா, அம்மா எனக்குத் தைத்த சட்டைகள் எல்லாம் எனக்கு நினைவிருக்கின்றன. போட்டுக்கொண்டது நான். ஆனால் ஒவ்வொரு முறையும் அம்மாவின் கை பட்டது உங்கள் தோளில்தானே? அந்தக் கை எப்படி இருக்கும் என்று கேட்டு எழுத எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. இந்த வயதிலும் உங்கள்மேல் எனக்குப் பொறாமைதான்."

படித்துவிட்டு என் தோளை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அம்மாவைக் கடைசிவரை தாங்கிய மருத்துவமனைத் தாதியருக்கும், பாடை தூக்கிய பழைய தோட்டத்து மக்களுக்கும், பந்தல் போட்டுச் சமைத்து எங்களைச் சாப்பிட வைத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அச்சகத்துத் தம்பிக்கும் நன்றி. பிறந்த ஊர் என்ற இடத்தில் அந்த இல்லத்தின் ஊரைப் போடச் சொன்னேன். "மகள்" என்றிருந்ததையும் "மகள்கள்" என்று மாற்றச் சொன்னேன்.

புஷ்பத்தின் பெயர் இரண்டாவதாக இருக்கும். முதல் பெயர் என்னுடையது. அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மகள் சரோஜா