மூலை இல்லாத எழுத்து

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட எனக்கு ஒரு ஸ்டிக்கர் கடை இருக்கிறது. படகுகளுக்கும் ஓட்டோக்களுக்கும் பெயர் வெட்டி ஒட்டுவதுதான் வேலை. சில வருசங்களுக்கு முன்னர், திமிங்கிலம் பார்க்க ஆட்களை ஏற்றிப்போகும் படகுக்காரர் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, என்ர படகுக்கு என்ன பேர் ஒட்டினனீங்கள்?"

"கடல் ராணி."

"ஒருக்கா வந்து பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். 'ல்' மேலிருந்த புள்ளியைக் காற்றும் உப்புத் தண்ணீரும் கொண்டுபோயிருந்தன. படகு 'கடல ராணி' ஆகிவிட்டது. "அவிச்ச கடலையோ, வறுத்த கடலையோ?" என்று பக்கத்துப் படகுக்காரர்கள் கேட்டே அவரை ஒருவழி பண்ணியிருக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

குனிந்து பார்த்தபோது காரணம் பிடிபட்டது. மிச்ச எழுத்துகளும் கூரான மூலைகளில்தான் ஒட்டு விட்டுக் கிளம்பத் தொடங்கியிருந்தன. நான் பாவித்த எழுத்துரு, நுனியெல்லாம் நறுக்கென்று வெட்டிய வகை. புள்ளிகூடச் சதுரம்.

"இன்னொருக்கா ஒட்டுவம்," என்றார்.

"அதையே ஒட்டினா அதேதான் நடக்கும், அண்ணை. ஒரு கிழமை தாங்கோ. மூலையே இல்லாத எழுத்துக் கீறித் தாறன்."

"உங்களால ஏலுமோ?"

"ஓம், ஏலும்."

நுனிகளை உருட்டிவிட்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். உருட்டியதும் 'ணி' முறுக்கு மாதிரி வந்தது. சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எல்லாவற்றையும் அழித்தேன். ஒரே தடிப்புள்ள கோட்டில் ஒவ்வொரு எழுத்தாகப் புதிதாகக் கீறினேன். சுழிகளை அகட்டி உள்ளே வெளிச்சம் விட்டேன். புள்ளியைப் பெரிய வட்டமாக்கி எழுத்துக்குக் கிட்ட இறக்கினேன்.

ஒட்டிய அன்று அவர் படகை எடுத்துக்கொண்டு போக, நான் இறங்குதுறையில் நின்று வாசித்தேன். அவருடைய முகம் தெரியாமல் போன பிறகும் பெயர் தெரிந்தது. போனில் கூப்பிட்டு, "இன்னும் போங்கோ, இன்னும் போங்கோ," என்றேன்.

அடுத்த சீசன் முழுக்க ஒரு எழுத்தும் கிளம்பவில்லை. நக்கலடித்த படகுக்காரர்களே என்னிடம் வந்தார்கள். மிச்ச எழுத்துகளையும் கீறி முடித்தேன். இன்று பாலர் பாடசாலைச் சுவரிலும் பல் வைத்தியரின் பலகையிலும் ஐஸ்கிரீம் வண்டியிலும் என் எழுத்துத்தான். அவற்றைக் கடந்து போகும்போது சைக்கிளை மெதுவாக்குவேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஒருமுறை மட்டும் சறுக்கியது. தகப்பனை இழந்த ஒரு பொம்பிளைப் பிள்ளை கண்ணீர் அஞ்சலிப் பதாகை கேட்டு வந்தா. பழக்கத்தில் என் எழுத்திலேயே போட்டுக் காட்டினேன். கனநேரம் பார்த்தா.

"அக்கா, இது சிரிக்கிற மாதிரி இருக்கு."

சரியாகத்தான் சொன்னா. மன்னிப்புக் கேட்டு, மெலிந்து நிமிர்ந்த வேறொரு எழுத்தில் மாற்றினேன். அவ தலையாட்டினா. இப்போது யார் வந்தாலும், எதற்கென்று கேட்ட பிறகுதான் கணினியில் கை வைக்கிறேன்.