அவசரத் தொடர்பு எண்

கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவில் தொடங்கி, கணுக் கணுவாகத் தொட்டுக்கொண்டு போய், ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் நிற்கிறது. பத்து. தொலைபேசி எண் எதைக் கண்டாலும் அவர் இப்படி எண்ணியாக வேண்டும். கணினியே எண்ணிச் சொல்லிவிடுமே என்றால், "அது சரியா எண்ணுதான்னு யாரு பாக்கறது?" என்பார். கடைப் பலகை, லாரியின் முதுகு, எதையும் விடுவதில்லை. ஒருமுறை எங்கள் அலுவலக வாசலில் ஒட்டியிருந்த பிளம்பரின் விளம்பரத்தில் ஒன்பது எண்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு, பாவம், அந்த ஆளுக்கு எப்படித் தெரிவிப்பது என்று அரைநாள் தவித்தார். நம்பர் இருந்தால்தானே கூப்பிட்டுச் சொல்ல!

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'சந்தேகம் சார்'. ஐம்பத்திரண்டு வயது, தனிக்கட்டை, எட்டு வருடமாக எனக்குப் பக்கத்து நாற்காலி. ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைப் பதிவு செய்யும் மென்பொருளை நாங்கள் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதுகிறோம். வயது பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது, பெயர் காலியாக இருக்கக் கூடாது என்று அந்தப் படிவத்துக்கு ஏகப்பட்ட விதிகள். விதியை எழுதுவது மற்றவர்கள். அந்த விதி முழித்துக்கொண்டுதான் இருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொன்றுக்கும் குட்டிக் குட்டியாக யூனிட் டெஸ்ட் எழுதுவது சார். சரியான தகவல் ஒன்றைக் கொடுப்பார், தப்பான தகவல் ஒன்பதைக் கொடுப்பார். தப்பு ஏதாவது ஒன்றை விதி உள்ளே விட்டுவிட்டால் திரையில் சிவப்பு எரியும். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

தப்புத் தகவல் தயாரிப்பதில் மனிதர் கில்லாடி. "காலியா விட்டா எல்லாரும் பிடிச்சிடுவாங்க. ஸ்பேஸை ஒரு தட்டு தட்டிட்டுப் போனா? பாத்தா நிரப்பின மாதிரியே இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. அப்படிப்பட்ட ஆளுங்கதான் ஜாஸ்தி." அவருடைய டெஸ்ட்களில் நோயாளிகளாகப் படுத்துக் கிடப்பவர்கள் எல்லாரும் எங்கள் அலுவலகத்துக்காரர்கள்தான். "மேனேஜருக்கு வயசு மைனஸ் ஒண்ணு போட்டுப் பாத்தேன், ஏத்துக்கல. நல்ல விதி" என்று சிரிக்காமல் சொல்வார்.

அவசரத் தொடர்பு எண் என்று ஒரு கட்டம் உண்டு. நோயாளிக்கு ஏதாவது என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதற்கு. அங்கே நோயாளி தன் எண்ணையே கொடுத்தால் ஏற்கக் கூடாது என்ற விதி மட்டும் சார் தானே கேட்டு, சண்டை போட்டு வைத்தது. கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த புரோகிராமர் பெண் சிரித்துவிட்டாள்.

"யாரு சார் தன் நம்பரையே குடுப்பாங்க?"

"குடுப்பாங்கம்மா. நல்லவங்க குடுப்பாங்க."

அந்த ஒரு விதிக்குப் பதினேழு டெஸ்ட் எழுதினார். நடுவில் இடைவெளி விட்டு, கோடு கிழித்து, முன்னால் பூஜ்யம் சேர்த்து, நாட்டுக் குறியீடு சேர்த்து, அதே எண் எந்த வேஷத்தில் வந்தாலும் மாட்டிக்கொள்ளும்.

காரணத்தை ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது தானாகவே சொன்னார். அவரை வளர்த்து ஆளாக்கியது அக்கா. இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த அக்கா நெஞ்சு வலிக்கிறது என்று தனியாகவே போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார். "தம்பி வேலையில இருப்பான், அவனை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு அவ நம்பரையே குடுத்திருக்கா." நிலைமை மோசமானதும் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் அக்காவின் தலையணைக்கு அடியிலேயே மணி அடித்தது. சாயங்காலம் பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் இவருக்குத் தெரியும். "நடந்து போற தூரம். நான் இங்கதான் உக்காந்து டெஸ்ட் எழுதிக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடினார். நானும் என் டப்பாவை மூடினேன்.

டெஸ்ட்களில் 'சரியான எண்' என்று அவர் எப்போதும் கொடுத்துவந்தது அக்காவின் எண்ணைத்தான். அக்கா போன பிறகும் அதை மாற்றவில்லை. வேறு ஏதாவது நம்பர் போட்டுவிடலாமே என்று அந்தப் புரோகிராமர் பெண் கேட்டபோது, "ஓடுற டெஸ்ட்டை எதுக்கும்மா தொடணும்?" என்றார். அவர் மேசைக்கு அடியில் இரண்டு சார்ஜர் தொங்கும். ஒன்று அவருடைய போனுக்கு. இன்னொன்று ஏதோ பழைய பட்டன் போனுக்கானது. எதற்கு என்று நான் கேட்டதில்லை.

போன மாதம் ஒருநாள், "சும்மா ஒரு டாக்டரைப் பாக்கணும், போற வழியில ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி விட்டுடுங்க" என்றார். முகம் வெளுத்திருந்தது. போங்க போங்க என்று விரட்டியும் கேட்காமல் நானும் உள்ளே போனேன். பித்தப்பையில் கல், மறுநாள் ஆபரேஷன் என்பது எனக்குக் கவுண்டரில்தான் தெரிந்தது. அங்கே திரையில் ஓடிக்கொண்டிருந்தது எங்கள் மென்பொருள்தான். "நம்ம ஃபார்ம்!" என்று வலியிலும் எனக்குக் காட்டினார். காகிதத்தில் அவர் நிரப்பிக் கொடுத்ததைக் கவுண்டர் பெண் தட்டி முடித்தாள். ஒரு மறுப்பும் வரவில்லை.

"ஆபரேஷன் முடியற வரைக்கும் இந்த அவசர நம்பர்காரங்க வெளிய இருக்கணும் சார். ஒரு தடவை கூப்பிட்டுச் சொல்லிடறேன்" என்று அவள் மேசைத் தொலைபேசியை எடுத்தாள்.

"வேண்டாம்மா, நான் சொல்லிக்கிறேன்..."

அதற்குள் மணி அடித்தது. அவருடைய தோள்பைக்குள்.

"சார், உங்க போன் அடிக்குது பாருங்க. பேசிட்டு வாங்க, இங்கயும் ரிங் போய்க்கிட்டுதான் இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

அவர் எடுக்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அது அடித்து ஓயும்வரை தரையைப் பார்த்தபடி நின்றார். பழைய பட்டன் போனின் மணி அது. யாருடைய போன் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"எடுக்க மாட்டேங்கிறாங்க. வேற யாராவது இருக்காங்களா சார்?"

அவர் கொடுத்த நம்பரில் பத்து இலக்கம் இருந்தது, நோயாளியின் எண்ணாகவும் இல்லை. அவருடைய பதினேழு டெஸ்ட்டும் இதற்குப் பச்சைதான் காட்டியிருக்கும். எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. எட்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

கவுண்டரிலிருந்து காகிதத்தை எடுத்து, அக்காவின் எண்ணின்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் என் எண்ணை எழுதினேன். உறவு என்ற இடத்தில் 'மற்றவை' என்பதைக் குறித்தேன். அதைவிட நல்ல சொல் அந்தப் பட்டியலில் இல்லை.

கொடுக்கப் போன என்னைத் தடுப்பதுபோல் அவர் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். கட்டைவிரல் சுண்டுவிரலுக்குப் போனது. கணுக் கணுவாக நகர்ந்து ஆள்காட்டி விரலில் வந்து நின்றது.

"சரியா இருக்கா சார்?" என்று கவுண்டர் பெண் கையை நீட்டினாள்.

அவர் சுண்டுவிரலுக்குத் திரும்பி, என் எண்ணை இன்னொரு தடவை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.