ஐந்தாவது சக்கரத்துக்கு அளவு

அவரை எல்லோரும் டெய்லர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் மனைவியும். இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சீருடை தைக்கிறார். உட்கார்ந்து செய்யும் தொழில்தான், ஆனால் மனிதர் நிம்மதியாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நின்றபடி வெட்டுவார், நின்றபடி சாப்பிடுவார். மெஷினில் உட்கார்ந்தாலும் ஒரு கால் வாசலைப் பார்த்தே இருக்கும்.

இரண்டு மாதமாக அந்தக் காலுக்குச் சுத்தமாக ஓய்வில்லை. காரணம், கார்.

மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள், காலை ஏழு மணிக்கு, நாற்பது கிலோமீட்டர் தள்ளி டயாலிசிஸ். முடிந்து வரும்போது உட்காரக்கூடத் தெம்பிருக்காது. பின் சீட்டில் மடங்கிப் படுத்துக்கொள்வாள். அதற்காகவே கார் வாங்கினார்கள். டிக்கியில் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் கொடுக்கவேண்டிய சீருடை மூட்டைகள் போகும். ஒரே பயணத்தில் இரண்டு வேலை.

ஒரு நாள் பாதி வழியில் கூர்க்கல் ஒன்று டயரின் பக்கவாட்டைக் கிழித்தது. டெய்லர் மூட்டைகளை இறக்கி, டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்த்தார். ஸ்டெப்னி இல்லை. டயர் ஓட்டையை அடைக்கும் நுரைப் புட்டி ஒன்றும் உள்ளங்கை அகலத்தில் ஒரு பம்பும் இருந்தன. "இப்பல்லாம் வண்டியே இப்படித்தான் சார் வருது" என்று விற்றவன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. ஏற்றிய நுரை முழுவதும் கிழிசல் வழியாகச் சாலைக்கு வந்தது. காரை அங்கேயே விட்டு, வந்த ஆட்டோவில் ஏறி அவர்கள் போய்ச் சேர ஒன்பதரை. அரை மணி தாமதம் வரைதான் பொறுப்பார்கள்; படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் மதியம் இடம் கிடைக்கும்வரை அவள் தலையணையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவர் கூடத்தின் நீளத்தை நடந்தே அளந்தார்.

அடுத்த வாரம் பழைய கார்களைப் பிரித்து விற்கும் இடத்துக்குப் போனார். அதை நடத்துகிற பெண்ணுக்கு ரிம்மக்கா என்று பெயர். டெய்லர் கழுத்தில் இன்ச் டேப்போடு வந்ததைப் பார்த்து அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"என்னண்ணே, சக்கரத்துக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"அளவு எழுதிட்டு வந்திருக்கேன்மா. போல்ட் ஓட்டை நாலு, இடைவெளி இவ்ளோ, நடு ஓட்டை இவ்ளோ. டிக்கிக் குழிக்குள்ள அடங்கணும். மேல மூட்டை வரும்."

"அப்ப ஒல்லிச் சக்கரம்தான். மெதுவா ஓட்டணும், பரவால்லையா?"

எடுத்து வந்தாள். டெய்லர் எதையும் போட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டார். ஜாக்கி வைத்து, பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டினார்கள். கச்சிதம்.

"முன்னாடியும் ஒரு தடவை பாத்துடலாமாண்ணே?"

"எதுக்குமா? ஒரு கைக்கு அளவெடுத்தா ரெண்டு கைக்கும் அதான்."

வீட்டில் மனைவி சக்கரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இது என்ன, இளைச்சுப்போன புள்ள மாதிரி இருக்கு? முன்னாடி போட்டுப் பாத்தீங்களா?"

"பின்னாடி பாத்தேன்."

"நான் கேட்டது முன்னாடி."

மாட்டிப் பார்த்தார். ஏறவில்லை. முன்பக்கத்து பிரேக் பெரியது. ரிம் அதன் மேல் இடித்துக்கொண்டு நின்றது. டெய்லர் தெருவில் குந்தியபடி, பழக்கம் கெட்டுப்போய், வெகுநேரம் அசையாமல் இருந்தார்.

ரிம்மக்கா போனில் வழி சொன்னாள். முன்டயர் போனால், பின்சக்கரத்தைக் கழற்றி முன்னால் போட்டு, ஒல்லியைப் பின்னால் மாட்ட வேண்டும். டெய்லர் வாசலிலேயே ஒத்திகை பார்த்தார். மனைவி படியில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தாள். நாற்பத்துமூன்று நிமிடம். மறுபடி செய்தார். முப்பத்தெட்டு. மூன்றாவது தடவை கை வழுக்கி விரல் முட்டி உரிந்தது.

"போதும், விடுங்க. நீங்க சக்கரம் மாத்தி முடிக்கிறதுக்குள்ள அந்தப் படுக்கையில இன்னொருத்தர் தூங்கி எழுந்திருப்பார்."

"அப்ப முழுச் சக்கரம்தான். அது குழிக்குள்ள போகாது. டிக்கி நெறஞ்சுரும், மூட்டை பின் சீட்டுக்கு வந்துரும். நீ எங்க படுப்ப?"

"மூட்டை மேல படுக்கிறேன். மெத்துன்னு இருக்கும்."

"வெளையாடாத."

அவள் விளையாடவில்லை, உட்கார்ந்தே வருகிறேன் என்றுதான் சொல்ல வந்தாள். அவருக்கு அது புரிந்ததால்தான் எரிச்சல் வந்தது.

ஒல்லியை ரிம்மக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அங்கே மோதி நொறுங்கிக் கிடந்த இதே மாடல் காரிலிருந்து முழுச் சக்கரம் எடுத்தார். இந்த முறை முன்னால் இரண்டு பக்கமும், பின்னால் இரண்டு பக்கமும் மாட்டிப் பார்த்தார். ரிம்மக்கா நாலு தடவையும் ஜாக்கி அடித்துக் கொடுத்தாள்.

பிறகு இரண்டு நாள் கடையில் வேலை ஓடவில்லை. டிக்கியில் சக்கரத்தைப் படுக்க வைத்தார், நிறுத்தினார், சாய்த்தார். எப்படி வைத்தாலும் மூட்டைகளில் பாதி வெளியே நின்றது. சதுரமாக மடித்து, அட்டை வைத்து, கயிறு போட்டுக் கட்டிய மூட்டைகள். இருபத்தாறு வருடமாக அப்படித்தான் கட்டுகிறார். சட்டென்று ஒரு மூட்டையைப் பிரித்து, காற்சட்டைகளைச் சுருட்டத் தொடங்கினார். சுருள்கள் சக்கரத்தின் குழிவில் உட்கார்ந்தன. மிச்சம் அதைச் சுற்றி மூலைகளில் இறங்கின. அழுக்கு ஒட்டாமலிருக்க, ஆஸ்பத்திரிப் பச்சைத் துணியில் சக்கரத்துக்கு ஓர் உறை தைத்து நாலு பொத்தானும் வைத்தார்.

"துணி கசங்கிப் போகாதா?" என்றாள் மனைவி.

"கசங்கும். அங்க போய் இஸ்திரி போட்டுக் குடுத்துக்கறேன். நீ ஊசி போட்டுப் படுத்திருக்கிற நாலு மணி நேரம் நான் வெறுமனே வராந்தாவுலதானே அலையறேன்."

அந்த வாரம் ஏழு மணிக்கு இருபது நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்கள். திரும்பும்போது பின் சீட்டில் அவள் கால் நீட்டிப் படுத்திருந்தாள். டெய்லர் ரேடியோவை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, தலையைப் பாதி வெளியே வைத்து ஒவ்வொரு டயராகக் காது கொடுத்துக்கொண்டு ஓட்டினார்.

"கண்ணாடிய ஏத்துங்க, குளிருது" என்றாள் பின்னாலிருந்து. "டயர் போனா உங்களுக்கு முந்தி எனக்குத் தெரியும். நான்தான் அது மேலயே படுத்திருக்கேன்."

ஏற்றினார். ஒரு விரல் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டுக்கொண்டார்.